விற்கும் வீட்டுக்கு ஒப்பனை வேண்டுமா?

சிங்கப்பூரில் வீட்டை விற்க முற்படுவோர் காதில் இந்நாளில் ஓதப்படும் அறிவுரை ஒன்று உண்டு. விளம்பரம் செய்வதற்கு முன்னரே வீட்டை ஒப்பனை செய்துவிட வேண்டும் என்பதே அது. பழைய சோபாவை வெளியேற்றிவிட்டு வாடகைச் சோபாவைக் கொண்டுவந்து போட வேண்டுமாம். சுவர்களுக்கு வெண்மையோ வெளிர்சாம்பலோ பூச வேண்டுமாம். உணவு மேசையின்மீது யாரும் உண்ணப் போகாத தட்டுகளைப் பரப்பி, நடுவே செயற்கைப் பூங்கொத்து ஒன்றை வைக்க வேண்டுமாம். குடும்பப் படங்களைக் கழற்ற வேண்டும். பூசை மேடையைப் பெயர்த்து உள்ளே வைக்க வேண்டும். வாயில் நிலையில் காய்ந்து தொங்கும் மாவிலைத் தோரணத்தை அறுத்தெறிய வேண்டும். சாம்பிராணியும் தாளிப்பும் மணத்த கூடத்தில் வேறு ஏதேனும் நறுமணம் கமழ வேண்டும். இவற்றையெல்லாம் செய்து கொடுப்பதற்கென்றே தொழில் நடத்துவோரும் இருக்கின்றனர். கட்டணம் பெற்றுக்கொண்டு தட்டுமுட்டுப் பொருள்களைச் சில காலத்திற்கு இரவல் தந்து, வீடு கைமாறியதும் லாரியில் ஏற்றிச் சென்றுவிடுகின்றனர்.

இவ்வறிவுரையை ஏற்பதா, தள்ளுவதா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயின், உழைத்துண்ணும் குடும்பங்களிற் பல தம் வாழ்நாளில் ஒருங்கே காணும் மிகப் பெரிய தொகை வீட்டின் விலையே. முதுமைக்கு வேண்டிய சேமிப்பும், பிள்ளைகளின் மேற்படிப்புச் செலவும், அடுத்து வாங்கவிருக்கும் சிறிய வீட்டின் விலையும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அத்தகைய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது பணக் கணக்கு மட்டுமன்று, அறக் கணக்குமாகும். இரு கணக்கிலும் ஒப்பனை தோற்றே போகிறது என்பதை விளக்க வேண்டியுள்ளது.

முதலில் பெயரைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதனை 'ஹோம் ஸ்டேஜிங்' என்பர். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் நகர்ப் பகுதியில் வீட்டு முகவராக இருந்த பார்ப் சுவார்ட்ஸ் என்னும் அம்மையார் இத்தொழிலுக்கு வித்திட்டவர் என்பது பரவலாகக் கூறப்படும் வரலாறு. பெயர் நாடக மேடையிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு 'மேடையாக்கம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். ஆயினும் 'ஒப்பனை' என்னும் பழஞ்சொல்லே பொருத்தம். கூத்தனுக்கு அரிதாரம் பூசுவதும் ஒப்பனை. மணமகளுக்கு அணி பூட்டுவதும் ஒப்பனை. கூத்துப் பார்க்கப் போகிறவன் அரிதாரம் அரிதாரந்தான் என்று அறிந்தே நுழைவுச் சீட்டு வாங்குகிறான். மேடையில் இருக்கும் அரண்மனை அட்டை என்பதும் அவனுக்குத் தெரியும். வீடு பார்க்க வருபவனுக்கோ அட்டை எது, சுவர் எது என்று யாரும் சொல்வதில்லை. மேடைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதை மறந்துதான் அத்தொழிலார் நாடகத்தின் பெயரைக் கூச்சமின்றிச் சூட்டிக்கொண்டனர் போலும்!

ஒப்பனையை ஆதரிப்போர் கூறும் காரணங்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. வீடு பார்க்க வருவோர் அரைமணி நேரத்திற்கு மேல் தங்குவதில்லை; அந்த அரைமணி நேரத்தில் அவர்தம் உள்ளத்தில் பதியும் தோற்றமே விலையைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் முதல் வாதம். இருபது ஆண்டு வாழ்ந்தவருக்கு வீட்டின் குறை கண்ணிற்படாது. ஆதலின் புறத்தே நின்று பார்க்கும் ஒருவரின் கண் வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதாக அவர்கள் சொல்வது தமிழருக்கு மிகவும் பழக்கமான ஒன்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவிக் கோலம் போடாமல் இருப்பார் உண்டா? பெண்ணுக்குப் பட்டுடுத்திப் பூச்சூட்டாமல் அவையில் நிறுத்துவார் உண்டா? அதை யாரும் பொய் என்று சொல்வதில்லையே என்று அவர்கள் கேட்கின்றனர்.

நல்ல கேள்வி. விடையும் அக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பெண்ணுக்குப் பட்டுடுத்துவது ஒன்று. அடுத்த வீட்டுக்காரியின் அட்டிகையை இரவல் வாங்கிப் பூட்டி, தன் வீட்டு நகை என்று காட்டுவது வேறு. முன்னதை ஊர் ஏற்கும். பின்னது வெளிப்பட்டால் திருமணம் முடிந்த பின்னும் பேச்சு நிற்காது. வீட்டைப் பெருக்கித் துடைப்பது, ஒழுகும் குழாயைப் பழுது பார்ப்பது, உடைந்த தரை ஓட்டை மாற்றுவது, மூட்டை கட்டி வைத்த பழைய பொருள்களைக் கழித்துக்கட்டுவது ஆகிய எல்லாம் முதல் வகை. அவை வீட்டோடு நிற்கின்றன. வாங்குபவனுக்கும் போய்ச் சேர்கின்றன. வாடகைச் சோபாவும், அறையைப் பெரிதாகக் காட்டுவதற்கென்றே அளவிற் சிறுத்துச் செய்த கட்டிலும், வெயிலை மறைக்கும் கனத்த திரையும் இரண்டாம் வகை. அவை வீட்டோடு நில்லா. ஒப்பந்தம் ஆன மறுவாரமே லாரியேறிவிடும். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, முதல் வகையின் நற்பெயரை இரண்டாம் வகைக்கு வாங்கித் தருவதே ஒப்பனைத் தொழிலாரின் சொற்சூழ்ச்சி. இனி, பழிக்கப்படுவதெல்லாம் இரண்டாம் வகையையே என்று கொள்க.

பணக் கணக்குக்கு வருவோர் சிங்கப்பூர் வீட்டுச் சந்தையின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு தோன்றியது. மக்கள் சொந்த வீடு வாங்கும் திட்டம் 1964ஆம் ஆண்டு வந்தது; மத்திய சேம நிதியை அதற்குப் பயன்படுத்த 1968ஆம் ஆண்டு வழி பிறந்தது; 1971ஆம் ஆண்டு முதல், வாங்கிய வீட்டைத் திறந்த சந்தையில் மறுவிற்பனை செய்யவும் இசைவு கிடைத்தது. 99 ஆண்டுக் குத்தகை உரிமையோடு வரும் இவ்வீடுகளிலேதான் நாட்டு மக்களில் பெரும்பாலோர் குடியிருக்கின்றனர். ஒப்பனை பற்றி அமெரிக்கர் எழுதிய நூல்களோ தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளைக் கருதி எழுதப்பட்டவை. அவ்வீடுகளில் ஒன்று போல் மற்றொன்று இராது. இங்கோ மேல்மாடியும் கீழ்மாடியும் ஓரச்சில் வார்த்தவை. ஒரே கட்டடத்தில், ஒரே பரப்பளவில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் சென்ற மாதம் கைமாறிய வீட்டின் விலையைக் கழகமே வெளியிடுகிறது. வாங்க வருபவன் அந்த எண்ணை மனத்தில் ஏந்திக்கொண்டே படியேறுகிறான். பூங்கொத்தைக் கண்டு அதை மறந்துவிடுவான் என்று நம்புவது விற்பவரின் பேதைமை.

அவன் மறந்துவிடுகிறான் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது நடப்பது என்ன? 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற்கு முன், வீட்டின் மதிப்பீட்டை முதலில் பெற்று, அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசும் வழக்கம் இருந்தது. அவ்வாண்டு முதல் அம்முறை தலைகீழானது. இப்போது இருவரும் முதலில் விலை பேசி முடிக்கின்றனர். வாங்குபவர் 1,000 வெள்ளிக்கு மேற்படாத ஒரு தொகையைக் கொடுத்து, 21 நாள் தவணையுள்ள விருப்புரிமைப் பத்திரத்தைப் பெறுகிறார். அதன் பிறகே கழகத்திடம் மதிப்பு கேட்டு விண்ணப்பிக்கிறார். கடனும் சேமநிதியும் அம்மதிப்பை ஒட்டியே கிடைக்கும். விலை மதிப்பைக் கடந்திருந்தால் கடந்த பகுதி முழுவதையும் ரொக்கமாகவே எண்ணி வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அங் மோ கியோவில் நாலறை வீடு ஒன்றை 620,000 வெள்ளிக்குப் பேசி முடித்தனர் என்றும், மதிப்பு 600,000 வெள்ளியாக அமைந்தது என்றும் கொள்க. 2024 ஆகஸ்டு முதல் கழகத்தின் கடன் நூற்றுக்கு 75 வரைதான். ஆகவே உச்ச அளவு 450,000 வெள்ளி. மீதி 150,000 வெள்ளியைச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். எஞ்சிய 20,000 வெள்ளிக்குக் கடனும் இல்லை, சேமநிதியும் இல்லை. புதிதாக மணமுடித்த இருவரின் வங்கிக் கணக்கிலிருந்து அது வெளிவர வேண்டும். ஒப்பனை உண்டாக்கிய மயக்கத்தின் விலை அந்த 20,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதைச் செலுத்துவது வங்கியுமன்று, அரசாங்கமுமன்று.

அதனால் விற்பவருக்கு ஆதாயந்தானே என்று ஒருவர் வினவலாம். ஆதாயம் கைக்கு வந்து சேரும்வரை அது ஆதாயமன்று. மதிப்பைக் கேட்டதும் வாங்குபவரின் மயக்கம் தெளிகிறது. இரவோடு இரவாகக் கணக்குப் பார்க்கிறார். பத்திரத்தைக் கைவிட்டால் அவருக்கு இழப்பு அந்த 1,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகையே. தொடர்ந்தால் 20,000 வெள்ளி ரொக்கம். அவர் எதைத் தேர்வார் என்று சொல்லவும் வேண்டுமோ? விற்பவரோ 21 நாள் வேறு எவருக்கும் வீட்டைத் தர இயலாமல் காத்திருந்து, அந்நாள்கள் அனைத்துக்கும் சோபா வாடகை கட்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டின் மதிப்பு அதன் இடத்தையும், பரப்பையும், மாடியையும், எஞ்சிய குத்தகைக் காலத்தையும் சார்ந்தது. குத்தகையில் 55 ஆண்டு எஞ்சியுள்ள வீட்டில் எத்தனை மெத்தை விரித்தாலும் 56ஆம் ஆண்டு பிறவாது.

ஒப்பனை செய்த வீடுகள் விரைந்து விற்கின்றன, கூடுதல் விலைக்குப் போகின்றன என்பதற்குச் சான்று உண்டு என்று அடித்துச் சொல்வோர் உளர். அச்சான்றுகளைத் துருவிப் பார்க்க வேண்டும். அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை அமெரிக்காவின் தேசிய வீட்டு முகவர் சங்கம் வெளியிட்டு வரும் ஆய்வறிக்கைகள். அவை யாரை வினவின? முகவர்களையே வினவின. ஒப்பனையால் விலை எவ்வளவு உயர்ந்தது என்று அவர்கள் கருதியதே அங்கு எண்ணாக நிற்கிறது. மீன் கடைக்காரரிடமே மீன் புதியதா என்று கேட்டு, அவர் சொன்ன விடையை ஆய்வு முடிவென்று அச்சிடுவது போன்றதே இது. மேலும், ஒப்பனைக்குச் செலவிடும் ஒருவர் பழுதும் பார்த்திருப்பார், வண்ணமும் பூசியிருப்பார், விலையையும் எண்ணிக் குறித்திருப்பார். வீடு விரைந்து விற்றதற்கு இவற்றுள் எது காரணம்? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்த்தாலன்றி விடை கிடையாது என்பது அறிவியல் வகுப்பில் அமர்ந்த மாணவர் எவரும் அறிந்ததே.

அவ்வாறு பார்த்தவர்களும் இருக்கின்றனர். லேன் என்பவரும் சைலர் என்னும் பெயருடைய இருவரும் சேர்ந்து 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே வீட்டின் கணினிக் காட்சியையே சுவர் வண்ணத்தையும் அறைகலன்களையும் மாற்றி மாற்றி மக்களுக்குக் காட்டினர். அழகிய அறைகலன் கண்டவர்கள், வீடு வாழ்வதற்கு இனியது என்று கூறினார்கள். ஆயினும் தாம் கொடுக்க முன்வந்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாராட்டு வேறு, பணம் வேறு என்பது இதனால் விளங்கும். அமெரிக்க வீட்டுக்குக் கண்ட முடிவு சிங்கப்பூருக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்பது முறையே. ஆனால், அமெரிக்க முகவரின் கருத்தை மட்டும் இங்குக் கொண்டுவந்து விற்பவர்கள் அக்கேள்வியைக் கேட்கும் உரிமையை முன்பே இழந்துவிட்டனர்.

இனி, அறிவுரை கூறும் முகவரின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். முகவர் தொழில் இழிந்ததன்று. நேர்மையோடு உழைப்போர் அத்தொழிலில் நிரம்ப உண்டு. ஆயினும், அவருடைய ஆதாயமும் விற்பவரின் ஆதாயமும் ஒன்றே என்று நினைப்பது தவறு. தரகு நூற்றுக்கு 2 என்றும், ஒப்பனைக்கு 4,000 வெள்ளி செலவு என்றும் கொள்க. ஒப்பனையால் விலை 10,000 வெள்ளி கூடினால் முகவருக்கு மேலும் 200 வெள்ளி கிடைக்கும். ஒரு காசும் கூடாவிட்டாலோ 4,000 வெள்ளியும் விற்பவருக்கு நட்டம்; முகவருக்கு நட்டமில்லை. அதற்கு மேல், அழகிய படங்கள் அவர் விளம்பரத்திற்கு உதவுகின்றன. அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டுவருகின்றன. பிறர் செலவில் தம் கடைக்குப் பந்தல் போடுவது யாருக்குத்தான் கசக்கும்?

பணம் போகட்டும். மறைப்பு என்பது அதனினும் கொடிது. 1960களிலும் 1970களிலும் கட்டிய வீடுகளின் சமையலறை, குளியலறைக் கூரைகளில் காரை பெயர்ந்து உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. மேற்பூச்சு வெடித்து விழுகிறது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிந்தால் இக்கேடு விரைவுபெறும். கசிவைச் செப்பனிடும் பொறுப்போ மேல் வீட்டாருக்கும் கீழ் வீட்டாருக்கும் பொது. இதனைச் சரிசெய்து விற்பதும் முறை. இன்னது உள்ளது என்று சொல்லி அதற்கேற்ப விலை குறைத்து விற்பதும் முறை. அதன்மேல் பொய்க்கூரை ஒன்றை மாட்டி, நான்கு சிறு விளக்குகளையும் பதித்து, 'நவீன சமையலறை' என்று விளம்பரம் செய்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதன்றி வேறென்ன?

மேற்கு வெயிலும் இவ்வாறே. சிங்கப்பூரின் பிற்பகல் வெயில் மேற்கு நோக்கிய படுக்கையறையை எப்படிச் சுடும் என்பது அங்கு உறங்கியவருக்கே தெரியும். காலை பத்து மணிக்கு மட்டும் வீடு காட்டுவதும், கனத்த திரையிட்டுக் குளிர்சாதனத்தை முடுக்கி வைப்பதும் கைவந்த கலையாகிவிட்டன. அண்மையில், வெற்று அறையின் படத்திலேயே கணினியால் கட்டிலும் அலமாரியும் வரைந்து விளம்பரம் செய்யும் வழக்கமும் வந்துள்ளது. அதில் வாடகைச் செலவுகூட இல்லை. பொய் மட்டும் இருக்கிறது.

விற்பவர் வாய்திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று வாதாடுவோர் உண்டு. பொய்யை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. திரையாலும் வண்ணத்தாலும் சொல்லலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை அளவில் நேர்மை தவறாதவர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. வள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளையே வணிகத்திற்கென ஒதுக்கினார். அங்காடியை அறத்திற்குப் புறம்பான இடமென்று தமிழ் மரபு என்றும் கொண்டதில்லை. வகுப்பறையில் இவற்றைக் கற்பித்துவிட்டு மாலையில் வீடு திரும்பி, கூரைக் கசிவின்மேல் வண்ணம் பூச ஆளைத் தேடும் ஆசிரியர் ஒருவர் இருப்பாரானால், அவருடைய மாணவர் எதைக் கற்றுக்கொள்வர்?

இவை யாவினும் நெஞ்சை உறுத்துவது மற்றொன்று. 'வீட்டில் உங்கள் அடையாளம் தெரியக் கூடாது' என்பது ஒப்பனைக்காரரின் முதல் விதி. யாருடைய வீடுமாக இல்லாதிருந்தால்தான் யார் வேண்டுமானாலும் தன் வீடாகக் கற்பனை செய்துகொள்ள இயலும் என்று அதற்குக் காரணம் கூறுவர். இவ்விதி தமிழர் வீட்டுக்குள் நுழையும்போது பொருள் மாறுகிறது. அங்கே அடையாளம் என்பது பூசை மேடை, தாத்தா பாட்டியின் மாலையிட்ட படம், வாயில் தோரணம், மிளகாயும் மல்லியும் வறுத்த மணம். 'எடுத்துவிடுங்கள், வாங்குபவர் வேறு இனத்தவராக இருக்கலாம்' என்று முகவர் மெல்லச் சொல்லும்போது, சொல்லாமற் சொல்லப்படுவது யாதென்று கேட்பவருக்குப் புரிகிறது. சிறுபான்மையினரின் சமையல் மணத்தையும் வழிபாட்டையும் முகஞ்சுளித்து நோக்குவோர் சிலர் இருக்கின்றனர் என்னும் கசப்பை மறைப்பதற்கில்லை. அதற்கு அஞ்சித்தான் நல்லவர்களும் தோரணத்தை அறுக்கின்றனர். அவர்களைப் பழிப்பது நோக்கமன்று. அவ்வாறு அறுப்பதால் எள்ளளவும் பயனில்லை என்பதை எடுத்துக்காட்டுவதே நோக்கம்.

எப்படி? இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டு மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. குடியிருப்பு வட்டாரத்துக்கும் கட்டடத்துக்கும் ஒவ்வோர் இனத்தவர்க்கும் உச்ச வரம்பு உண்டு. இந்தியர், பிற இனத்தவர் பிரிவுக்கு 2010ஆம் ஆண்டு மார்ச் முதல் வட்டாரத்தில் நூற்றுக்கு 12, கட்டடத்தில் நூற்றுக்கு 15. சீனர்க்கு முறையே 84, 87. மலாய்க்காரர்க்கு 22, 25. ஒரு கட்டடத்தில் ஓரினத்தின் வரம்பு நிறைந்துவிட்டால், அவ்வினத்தவர் ஒருவர் அங்கு வீடு வாங்க வேண்டுமானால் தம் இனத்தவரிடமிருந்தே வாங்க இயலும். இதன் விளைவு யாது? விற்பவரின் இனம் எது என்பது வீடு பார்க்க வருமுன்பே கேட்டறிய வேண்டிய செய்தியாகிவிட்டது. வாங்குபவர் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்விகளில் அதுவும் ஒன்று. அவ்வாறிருக்க, மேடையைப் பெயர்த்து மறைத்து வைப்பது யாரிடமிருந்து எதை மறைக்க? வருகிறவருக்கு அது தமிழர் வீடு என்பது தெரிந்தே இருக்கிறது!

சீனர் வரம்பு நிறைந்த கட்டடத்தில் தமிழர் ஒருவர் விற்க நேர்ந்தால் நிலைமை இன்னும் தெளிவு. சீனர் அவ்வீட்டை வாங்க இயலாது. வரக்கூடியவர்கள் வரம்பு நிறையாத மற்ற இனத்தவரே. அவர்களுள் இந்தியர் கணிசமாக இருப்பர். வாங்குவோர் தொகை சுருங்குவதால் இத்தகைய விற்பனையாளர்க்கு விலை குறைவதும் காலம் நீள்வதும் உண்டு. அரசாங்கமும் இவ்விடர்ப்பாட்டை ஏற்று, தகுதியுடையோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாட்டை 2022ஆம் ஆண்டு அறிவித்தது. இந்நிலையில் உள்ள ஒருவருக்கு 4,000 வெள்ளிக்கு ஒப்பனை செய்யச் சொல்வது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அவர் வீட்டுக்கு வரும் இந்தியக் குடும்பம் முதலில் தேடுவது சோபாவையா? மேடைக்கு எந்தச் சுவர், அம்மி வைக்க எங்கே இடம், தாளிக்கும் புகை எந்தச் சன்னல் வழியே வெளியேறும் என்றல்லவா அது பார்க்கும்! இவை அனைத்துக்கும் விடை கூறிக்கொண்டு நின்ற வீட்டை ஊமையாக்கிவிட்டு, விலை போகவில்லை என்று வருந்துவது எவ்வகை அறிவு?

பயன் இருந்தாலுமேகூட இதனை ஏற்பதற்கில்லை. தந்தை ஏணியில் ஏறிப் பாட்டனாரின் படத்தைக் கழற்றுவதைப் பிள்ளைகள் பார்க்கின்றனர். குடிபெயர்வதற்காகக் கழற்றினால் அது இயல்பு. 'பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்காது' என்று கழற்றினால், தன் வீட்டில் தன் பாட்டனார் இருப்பது பிறர்க்கு அருவருப்பு என்னும் பாடத்தை அப்பிள்ளைகள் எந்தப் பாடநூலின் துணையுமின்றிக் கற்றுக்கொள்கின்றனர். இளையர் தமிழில் பேசக் கூசுகிறார்கள் என்று மாநாடுகளில் வருந்துவோர், கூச்சம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

விலக்குகள் இல்லாமலில்லை. முதியவர் மறைந்த பின் வெறுமையாகக் கிடக்கும் வீட்டில் அறையின் அளவு பிடிபடாமல் வருவோர் தடுமாறுவதுண்டு. அங்கே உறவினர் வீட்டு மேசையும் இரண்டு நாற்காலியும் கொண்டுபோய்ப் போட்டால் குற்றமில்லை. தனியார் அடுக்குமாடி வீடுகளின் சந்தை வேறு. அங்கு மாதிரி வீட்டைக் கண்டே வாங்கிப் பழகியவர்கள் வருகின்றனர். அவர்தம் போட்டி அவர்களோடு. வீட்டில் நடக்க இடமின்றிப் பொருள் குவித்திருப்போர் அவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். அதற்கு ஒப்பனைக்காரர் தேவையில்லை, இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு பழம்பொருள் வண்டியும் போதும்.

ஒப்பனைக்கு ஒதுக்கிய பணத்தை விற்பவர் வேறு வழியில் செலவிடலாம். குளியலறைக் கசிவைச் செப்பனிட்டு, அதற்குரிய பற்றுச்சீட்டை மேசைமேல் வைக்கலாம். மின்கம்பி எந்த ஆண்டு மாற்றப்பட்டது, சன்னல் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, மேல் வீட்டாரோடு கசிவுத் தகராறு ஏதும் உண்டா, பிற்பகலில் எந்த அறை சூடாகும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வருவோர் கையில் கொடுக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கும் ஒருமுறை வந்து பாருங்கள் என்று அழைக்கலாம். இவ்வாறு செய்பவரை நம்பி விலை கொடுப்பவர், மதிப்பு வந்த மறுநாள் பத்திரத்தைக் கைவிட்டு ஓடுவதற்குக் காரணம் குறைவு. அவரைத் திடுக்கிடச் செய்யும் செய்தி எதுவும் அவ்வீட்டில் மிச்சமிராது.

'எல்லாரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் உங்கள் வீடு பின்தங்கிவிடும்' என்று அதன் பிறகும் வற்புறுத்தும் முகவரிடம் விற்பவர் ஒன்று கேட்கலாம். ஒப்பனைச் செலவு முழுவதையும் முகவரே முன்னதாக ஏற்கட்டும். மதிப்புக்கு மேல் விலை கிடைத்து, ரொக்கமும் கைக்கு வந்து, சாவியும் கைமாறிய பின் அச்செலவை இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகவும், கிடைக்காவிட்டால் ஒரு காசும் தருவதில்லை என்றும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கட்டும். ஒப்பனையின் ஆற்றலில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை உண்டு என்பது அவர் பேனாவை எடுக்கிறாரா, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்பதிலேயே தெரிந்துவிடும்.